சேறு சோப்புக்குப் போய்விடும்

"அம்மா, பள்ளிக்கூடத்திலே பிச்சாவரத்துக்குக் கன்று நடக் கூப்பிடறாங்க, போகட்டுமா?" என்றாள் பத்தாவது படிக்கும் என் பெண். "வயசுப் பெண்ணுக்குச் சேற்றிலே என்னடி வேலை?" என்றேன். பிறகு, பார்த்துவிடலாமே என்று திருவந்திபுரத்திலிருந்து நானும் அவளோடு கிளம்பினேன்.

ஒரு காலத்தில் அங்கே மரங்களை அடியோடு வெட்டினார்களாம். வெட்டிய இடம் குழிந்து, தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றி, உப்பேறிக் கன்றே முளைக்கவில்லை. 1990-களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் வந்துபோக, உப்பு குறைந்து கன்றுகள் பிழைத்தன. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. அந்தக் கறுப்புச் சேறு கரியையும் வெகுகாலம் தன்னுள் புதைத்து வைக்கிறது. காட்டை அழித்தால் அது கரியமில வாயுவாகி வானேறும்.

படகுக்காரரைப் பார்த்து என் பெண் கேட்டாள்: "இவங்க வீட்டிலே காரில்லை, ஏ.சி. இல்லை. கடல் ஏறினா முதல்லே நனையறது இவங்க வீடுதான். நியாயமாம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை.

சகோதரிகளே, குழந்தைகள் கேட்டால் தடுக்காதீர்கள். பாவாடைச் சேறு சோப்புக்குப் போய்விடும்.