உறைபனியில் பிழைக்கும் வாழை

‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்துவது நம் மரபு. தாய்மரம் சாய்ந்தாலும் அதன் அடியிலிருந்து கன்று எழும் என்பதே அதன் கருத்து. இந்த வாழ்த்தில் எவ்வளவு அறிவியல் உண்மை இருக்கிறது என்பதை அறிய, வாழைக்குச் சற்றும் பொருந்தாத ஒரு நாட்டுக்குச் செல்வோம்.

வாழை வெப்ப மண்டலப் பயிர். சுமார் 27° செ. வெப்பநிலையில் அது செழித்து வளரும். ஏறத்தாழ 14° செ.-க்குக் கீழே புதிய இலை விடுவது நின்றுபோகும். உறைபனி விழுந்தால் இலை கருகிவிடும். வடக்கு அட்சரேகை 51 பாகையை ஒட்டியுள்ள தென் இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பல இரவுகள் உறைபனி இரவுகளே. ஆயினும் அங்குப் பல வீட்டுத் தோட்டங்களில் வாழை திறந்த வெளியிலேயே நிற்கிறது!

கண்ணாடி வீடு கட்டி, உள்ளே சூடேற்றி வாழை வளர்ப்பது பழைய முறை. சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக் கலைஞர் அவ்வாறு வளர்த்த வாழை 1835-இல் பூத்தது. மாளிகைக்கு உரியவரின் குடும்பப் பெயரே ‘கேவண்டிஷ்’ என்று அந்த வாழைக்கு வழங்கலாயிற்று. நம் சந்தையில் விற்கும் ரொபஸ்டா இந்தக் கேவண்டிஷ் குழுவைச் சேர்ந்ததே.

திறந்த வெளியில் நிற்பது வேறு இனம்; பெயர் மூசா பாஸ்ஜூ. தென் சீனாவுக்கு உரியது. ஜப்பானில் நெடுங்காலமாக வளர்க்கப்படுவது. பதினேழாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் பெயர், அவர் குடிலருகே நின்ற இந்த வாழையிலிருந்து வந்ததே. இதன் பழம் விதை நிறைந்தது, உண்ண உதவாது. எனினும் குளிரைத் தாங்குவதில் இதற்கு இணையான வாழை அரிது.

இலை ஏன் முதலில் கருகுகிறது?

எல்லாப் பொருள்களும் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியிடுகின்றன. மேகமற்ற, காற்றில்லாத இரவில் வானை நோக்கி விரிந்திருக்கும் அகன்ற வாழை இலை நிறைய வெப்பத்தை இழக்கிறது. வானத்திலிருந்து திரும்பக் கிடைப்பதோ குறைவு. எனவே சுற்றியுள்ள காற்று 2° செ.-இல் இருக்கும்போதே இலை 0°-க்குக் கீழே போய்விடலாம். இலை மெல்லியது, அதில் உள்ள நீரும் குறைவு. கல்லிலிருந்து எடுத்த தோசை விரைவில் ஆறிவிடுகிறது. அண்டா நிறைய உள்ள வெந்நீர் ஆற வெகு நேரமாகிறதல்லவா?

தண்டின் நிலை அண்டாவைப் போன்றது. நாம் மரம் என்று சொல்லும் பகுதி, இலை மட்டைகள் ஒன்றையொன்று தழுவி அமைந்த போலித்தண்டு. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. 0° செ.-இல் உள்ள 1 கிராம் நீர் பனிக்கட்டியாக மாற 80 கலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். தண்டில் 20 கிலோ நீர் இருந்தால் அது முழுவதும் உறைய 16 லட்சம் கலோரி வெளியேற வேண்டும். 1 கிலோவாட் மின் அடுப்பு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் தரும் வெப்பம் இது! ஓர் இரவுக் குளிரைத் தண்டு தாங்குவதில் வியப்பில்லை. ஆனால் குளிர் வாரக்கணக்கில் நீடித்தால்?

வைக்கோல் சூடு தருமா?

அங்குள்ளவர்கள் முதல் உறைபனியில் கருகிய இலைகளை வெட்டிவிடுகிறார்கள். தண்டைச் சுற்றிக் கம்பி வலையால் கூண்டு அமைத்து, உள்ளே உலர்ந்த வைக்கோலைத் திணித்து, மழை இறங்காதபடி மேலே மூடிவிடுகிறார்கள்.

“வைக்கோல் சூடு தருமா?” என்று வகுப்பில் கேட்டால் மாணவர் பலர் “தரும்” என்பார்கள். வைக்கோலோ கம்பளியோ வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவே. அந்த வேலையைச் செய்வதும் உண்மையில் வைக்கோல் அன்று. அதனிடையே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று. நீரின் வெப்பங்கடத்து திறன் காற்றினுடையதைப் போல் ஏறத்தாழ 24 மடங்கு. ஆகவே வைக்கோல் நனைந்தால் காப்பு போயிற்று. மேல்மூடி அவசியமாவது இதனால்தான்.

உயிர் எங்கே இருக்கிறது?

வாழைத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரிரு நாளில் நடுவிலிருந்து குருத்து மேலே தள்ளிக்கொண்டு வரும். இலையைத் தோற்றுவிக்கும் வளர்நுனி, பூப்பதற்கு முன்வரை, தரைமட்டத்தை ஒட்டிக் கிழங்கில் இருப்பதே காரணம். நாம் சமைக்கும் வாழைத்தண்டுகூடப் பூ மேலே ஏறும்போது உருவாவதுதான்.

மண் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே குளிர்கிறது. பகல் இரவு வெப்ப மாற்றம் அரை மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ மறைந்தே போகும். கிழங்கின் மேல் தழையும் வைக்கோலும் கொண்டு தடித்த மூடாக்கு போட்டால், மேலே உள்ளதெல்லாம் அழிந்தாலும் கிழங்கு பிழைத்து, வசந்தத்தில் கன்று எழும். வாழையடி வாழை!

அப்படியானால் தண்டைக் காக்க ஏன் இத்தனை பாடு? வாழை பொதுவாக 30 முதல் 40 இலை விட்ட பிறகே பூக்கும். அங்கு வளரும் காலமோ ஆண்டில் ஐந்தாறு மாதங்களே. தண்டு அழுகிக் கன்று எழுந்தால், இலைக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், பூ வராது. தண்டு பிழைத்தால் விட்ட இடத்திலிருந்து வளர்ச்சி தொடரும். கிழங்கைக் காத்தால் உயிர் மிஞ்சும். தண்டைக் காத்தால் பூவும் கிட்டும்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

ஒரே அளவுள்ள மூன்று தகர டப்பாக்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றில் உலர்ந்த வைக்கோலையும், மற்றொன்றில் நனைந்த வைக்கோலையும் சுற்றுங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். உலர்ந்த வைக்கோல் சுற்றியது கடைசியில் ஆறும். மற்ற இரண்டில் முந்துவது எது? ஏன்? விடையை வெப்பமானி சொல்லும்.