எண்ண முடியாததை எண்ணிய இயற்பியலார்

சென்ற பருவத்தில் ஆய்வக வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் தம் தந்தையின் இரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். தந்தை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வெறும் வயிற்றில் சர்க்கரை 148 மில்லிகிராம். இன்சுலின் 31 மைக்ரோயூனிட்.

"சார், இன்சுலின் குறைஞ்சாத்தானுங்க சர்க்கரை நோய் வரும்? அப்பாவுக்கு நிறைய இருக்குதே. மாத்திரையை நிறுத்திப்போடலாம்னு சொல்றாருங்க."

கேள்வி நியாயமானதே. 1960-ஆம் ஆண்டு வாக்கில் மருத்துவ உலகமே இதைக் கண்டு திகைத்தது.

முதலில் அளவைப் பார்ப்போம். வெறும் வயிற்றில் நலமான ஒருவரின் இரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சர்க்கரை ஏறத்தாழ 0.9 மில்லிகிராம் உண்டு. இன்சுலின் 10 மைக்ரோயூனிட் என்று கொண்டால், அதன் எடை ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கில் மூன்றில் ஒன்றுதான்! சர்க்கரை அதைப்போல் ஏறத்தாழ 25 இலட்சம் மடங்கு. இத்தனை சிறிய அளவு எந்தத் தராசிலும் சிக்காது.

இதைப் பிடித்தவர் ஓர் இயற்பியலார் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. ரோசலின் யாலோ 1945-இல் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். நியூயார்க் நகரில், முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில், 1950 முதல் மருத்துவர் சாலமன் பெர்சனுடன் சேர்ந்து ஆராய்ந்தார். கதிரியக்க அயோடின்-131 இணைத்த இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். முன்பே விலங்கு இன்சுலின் ஊசி போட்டு வந்தவர்களின் இரத்தத்திலிருந்து அது மெதுவாகவே மறைந்தது. உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டிருந்ததே காரணம். இக்கட்டுரையை ஆய்விதழ் ஒன்று முதலில் ஏற்க மறுத்தது. தலைப்பில் 'எதிர்ப்பொருள்' என்ற சொல்லை மாற்றிய பிறகே 1956-இல் வெளியாயிற்று. அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977-இல் நோபல் பரிசு பெற்றபோது தம் உரையில் எடுத்துக்காட்டினார்! பெர்சன் 1972-இலேயே மறைந்துவிட்டார்.

அந்தப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளையே அளவுகோலாக்கினர். எப்படி? ஒரு மூட்டையில் வெள்ளை பனியன்கள் இருக்கின்றன. எத்தனை என்று தெரியாது. அதில் 100 சிவப்பு பனியன்களைக் கலக்குங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்து, 100 கொக்கிகளில் மாட்டுங்கள். பிறகு சிவப்பை மட்டும் எண்ணுங்கள். 50 இருந்தால் வெள்ளையும் 100 என அறியலாம். வெள்ளை 300 என்றால் கொக்கியில் எத்தனை சிவப்பு இருக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள். சிவப்பு என்பது கதிரியக்க இன்சுலின், வெள்ளை நோயாளியின் இன்சுலின், கொக்கி எதிர்ப்பொருள். சிதையும் அணுக்கள் வெளிவிடும் கதிர்களைக் கருவி ஒவ்வொன்றாக எண்ணிவிடும். இன்று பல ஆய்வகங்களில் கதிரியக்கத்துக்குப் பதிலாக ஒளிவிடும் வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகின்றனர்.

இம்முறையால் அளந்தபோதுதான், நடுவயதில் சர்க்கரை நோய் கண்டவர் பலருக்கு இன்சுலின் குறைவில்லை என்பது தெரிந்தது. தசையும் கல்லீரலும் அதன் கட்டளைக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. எனவே கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. நம்மவர்க்கு இது இன்னும் பொருந்தும். சென்னை மருத்துவர் வி. மோகனும் இலண்டன் மருத்துவர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், குளுக்கோஸ் குடித்தபின் இந்தியர்களின் இன்சுலின் ஐரோப்பியர்களைவிட மிகுந்திருந்தது.

இந்தச் சோதனை ஏமாற்றவும் கூடும். இன்சுலின் ஊசி போடுபவருக்கு ஊசி மருந்தும் கணக்கில் சேரலாம். அப்போது கணையம் இன்சுலினோடு சமமாக வெளிவிடும் சி-பெப்டைடை அளப்பார்கள். சிவப்பணுக்கள் உடைந்த இரத்தத்தில் இன்சுலின் சிதைந்து எண் குறைந்துவிடும். மேலும், சர்க்கரை நோய் உண்டா என்று முடிவு செய்வது இன்சுலின் எண்ணைக் கொண்டு அன்று. சர்க்கரையின் அளவைக் கொண்டே. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் நோயின் அளவு.

மாணவரின் தந்தை உண்டது மெட்ஃபார்மின் மாத்திரை. அது இன்சுலினைச் சுரக்க வைப்பதன்று. கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைப்பது. ஆகவே "இன்சுலின்தான் இருக்கிறதே" என்று அதை நிறுத்துவது பொருந்தாது. மற்றதை மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்தார். "அப்பா மாத்திரை போடறாருங்க சார். கொக்கிக் கணக்கைச் சொன்னனுங்க. வெள்ளை 300-னா சிவப்பு 25-ன்னு நான் முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டாருங்க."