கைக்குள் ஒரு களம் – 11: வழி முகவூர்

தளவாய்புரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மருமகன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்பு படிக்கிறான். உள்ளே அக்காவின் பவர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நைட்டி தைக்கிற ஊர் எங்களுடையது. தெருவுக்குத் தெரு பகல் முழுக்க அந்தச் சத்தம்தான்.

போனை எட்டிப் பார்த்தேன். பச்சை நிற அரசு பஸ். முன்கண்ணாடிக்கு மேலே 'இராஜபாளையம்', அதன் கீழ் சின்ன எழுத்தில் 'வழி முகவூர்'.

"யாருடா எழுதுனது?"

"நான்தான் மாமா. லிவரி முழுசும் நானே போட்டது."

அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதிய பஸ், ஜாவா தீவில் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்துக் கடைகளில் இந்தோனேசிய மொழிப் பெயர்ப்பலகைகள். அடுத்த நிறுத்தம் சுரபாயா.

மலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-ல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' விளையாட்டு இது. பஸ்ஸின் மேல் பூச்சை, அதாவது லிவரியை, ஆடுகிறவரே வரைந்து ஏற்றலாம். பிறகு வண்டியின் மாடலையே மாற்றிக்கொள்ளும் 'மோட்' வசதியும் வந்தது. தமிழ்நாட்டுப் பையன்கள் விடுவார்களா? அரசு பஸ், எஸ்.இ.டி.சி., தனியார் பஸ் என்று நம் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளெல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. இந்தோனேசியாவிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். சாலையோரத்தில் தென்னையும் நிற்கிறது. நம் பஸ் அங்கே கூச்சமில்லாமல் ஓடுவதற்கு இது போதுமாக இருந்திருக்கிறது.

"நம்ம பஸ்ஸு, ஊரு மட்டும் வேற. ஒரு மாதிரியா இல்லையா?" என்றேன்.

"அது பரவால்ல மாமா. ஹாரன்தான் சரியில்ல. நம்ம வண்டி இப்படி அடிக்காது."

ஒரு நாடே மாறியிருப்பது அவனுக்கு உறுத்தவில்லை. ஹாரன் உறுத்துகிறது. விளையாட்டில் எவ்வளவு நிஜம் வேண்டும் என்று கேட்டால் பலரும் படத்தின் தெளிவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நிழல் விழுகிறதா, மழைத்துளி கண்ணாடியில் வழிகிறதா என்று. இந்தப் பையனின் கணக்கு வேறு. எது அவனுக்கு மனப்பாடமோ, அது பிசகக் கூடாது. மற்றதெல்லாம் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

செக் நாட்டு எஸ்.சி.எஸ். நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரியும். 2012-ல் அவர்கள் கொண்டுவந்த 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' விளையாட்டில் லாரியின் டேஷ்போர்டு, கியர், கண்ணாடி எல்லாம் அச்சு அசல். தூரம் மட்டும் 19-ல் ஒரு பங்கு. அந்த அளவில் இராஜபாளையத்திலிருந்து மதுரை வெறும் நாலரை கிலோமீட்டர்! டிரைவருக்குத் தூக்கம் வரும், ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி உண்டு, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். சுட்டு ஆடுகிறவர்களும் இப்படித்தான். 2021-ல் பப்ஜிக்குப் பதிலாக வந்த பி.ஜி.எம்.ஐ.யில், தூரம் கூடக் கூடக் குண்டு தாழ்ந்து இறங்க வேண்டும் என்பதில் நம் பையன்கள் கறாராக இருக்கிறார்கள். குண்டடி பட்டவன் சில நொடிகளில் கட்டுப் போட்டு எழுந்து ஓடுவதை எவரும் கேள்வி கேட்பதில்லை.

சுருக்கவே சுருக்காத நிஜம் எப்படி இருக்கும்? அதையும் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். பென், டெல்லர் என்ற அமெரிக்க மேஜிக் ஜோடி 1995-ல் உருவாக்கிய 'டெசர்ட் பஸ்'. டூசானிலிருந்து லாஸ் வேகாஸுக்குப் பாலைவனம் வழியே எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். நிஜமான எட்டு மணி நேரம். வேகம் மணிக்கு 72 கிலோமீட்டரைத் தாண்டாது. வண்டி மெல்ல வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும், அதனால் கையை எடுக்க முடியாது. சாலையை விட்டு இறங்கினால் கட்டி இழுத்துப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுபோவார்கள், அதுவும் நிஜ நேரத்தில். ஊர் போய்ச் சேர்ந்தால் ஒரே ஒரு புள்ளி. விளையாட்டுகளில் வன்முறை மிகுந்துவிட்டது என்று கண்டித்தவர்களுக்குப் பதிலாகச் செய்தது அது. கடைக்கு வரவே இல்லை. ஆனால் 2007 முதல் கனடாவில் ஒரு குழு ஆண்டுதோறும் நாள்கணக்கில் அதை ஆடி, நோயுற்ற குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறது. அந்தச் சலிப்பைத் தாங்குவதற்குத்தான் மக்கள் பணம் தருகிறார்கள்.

அத்தான் மினி பஸ் ஓட்டுகிறவர். மாலையில் வந்ததும் மகன் போனை அவர் கையில் திணித்தான். வாங்கி நாற்பதிலேயே போனார். முன்னால் ஒரு லாரி. "ஏறிப் போப்பா, ஏறிப் போ" என்று பையன் துடிக்கிறான். இவர் அதன் பின்னாலேயே போகிறார்.

"வளைவு வருதுல்ல. உள்ள ஆள் நிப்பாங்க."

உள்ளே ஆட்களே இல்லை. அவர் பிரேக்கை மெதுவாகத்தான் அழுத்தினார். பத்து நிமிடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கால் கழுவப் போனார். எனக்கு அந்தப் பத்து நிமிடம் மறக்காது. அந்த விளையாட்டுக்குள் நான் பார்த்த நிஜங்களிலேயே பெரியது அவர் கால் கொண்டுவந்த அந்த நிதானம்தான். விரலில்தான் பிரேக், ஆனால் கால் என்றுதான் எழுதத் தோன்றுகிறது.

நம்முடைய நிஜத்தை நாமே விளையாட்டாக்கியதற்கு ஓர் உதாரணம் உண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி அவிக்கிறாள். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதே அங்கே புதிர். படம் சித்திரக் கதைபோல எளிமையானது. மாவு பொங்க இரவெல்லாம் காத்திருக்கச் சொல்வதில்லை. ஆனால் தட்டின் துளை சரியாக இருக்கிறது, தாளிக்கும் ஓசை சரியாக இருக்கிறது. 2024-ல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. முதல்முறை ஆடியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நினைப்பிலேயே அக்காவிடம் கேட்டேன். நைட்டி தைக்கிற மாதிரி ஒரு கேம் பண்ணினா அதுல என்னக்கா இருக்கணும்?

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. "நூல் அறுந்தா சத்தம் மாறும்டா. பாக்காமலே தெரியும். அது இருக்கணும். துணிக்கு வாசம் வருமா அதுல?"

"வராதுக்கா."

"அப்ப சத்தமாச்சும் சரியா இருக்கட்டும்."

"இடுப்பு வலி?"

"அது எதுக்குடா? அதான் இங்க இருக்கே" என்றவள், கால் மிதியிலிருந்து காலை எடுத்து, அறுந்த நூலை ஊசியில் கோக்கக் குனிந்தாள். சத்தம் மாறியதை நான் கவனிக்கவே இல்லை.

(தொடரும்)