மூளையும் மின்சாரமும்

மின்சாரம் உடலிற் பட்டால் உயிருக்கு ஆபத்து என்பதைச் சிறு குழந்தையும் அறியும். அம்மின்சாரத்தையே மூளையின் நடுவே செலுத்தி நோயைத் தணிக்கலாம் என்றால், அது வியப்பன்றோ?

நரம்பின் வழியே செல்லும் செய்தி மின்துடிப்பாகவே செல்கின்றது. தவளையின் காலிலே இவ்வுண்மையின் சாயலைக் கண்ட இத்தாலிய அறிஞர் கல்வானி, 1791 இல் தம் ஆய்வை வெளியிட்டார். 1870 இல் ஜேர்மனியரான பிரிச், ஹிட்சிக் என்னும் இருவர், நாயின் மூளையில் ஒரு பக்கத்தை மின்னால் தூண்டினால் மறுபக்கத்து உறுப்பு அசைவதைக் காட்டினர்.

அறிவு வளர்ந்தது, அதனோடு அறமும் வளர்ந்ததா? 1874 இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகர வைத்தியர் பார்த்தலோ, புற்றுநோயால் மண்டையோடு அரிக்கப்பட்ட ஒரு பெண்ணின் மூளையில் ஊசிகளைச் செலுத்தி மின்னோட்டத்தைப் பாய்ச்சினார். அவளுடைய கைகால்கள் அசைந்தன. மின்னோட்டம் கூடியபோது வலிப்புக் கண்டது. சில நாட்களில் அவள் இறந்தாள். அச்சோதனையால் அவளுக்கு விளையக்கூடிய நன்மை எதுவுமில்லை. மருத்துவர் பலர் அச்செயலைக் கண்டித்தனர்.

இனி, நடுக்குவாத நோயை நோக்குவோம். 1817 இல் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விரித்தெழுதியமையால் அவர் பெயராலும் இது வழங்குகின்றது. மூளையில் டோபமின் என்னும் பொருளை ஆக்கும் கலங்கள் அழிவதால் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். ஒரு கவளம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதும் பெரும்பாடாகும். மருந்துகள் உண்டு, ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் பயன் சீராக நில்லாது.

கடும் நடுக்கமுடையோருக்கு மூளையின் உட்பகுதியில் ஒரு சிறு இடத்தைச் சுட்டழிக்கும் சத்திரசிகிச்சை முன்னரே இருந்தது. அழிக்குமுன் இடம் சரிதானா என்று மின்னால் தூண்டிப் பார்ப்பது வழக்கம். 1987 இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அவ்வாறு சோதித்த பேராசிரியர் பெனாபிட், செக்கனுக்கு ஏறத்தாழ நூறு துடிப்புக்கள் சென்றபோது நடுக்கம் நின்றதைக் கண்டார். மின்னை நிறுத்தியதும் நடுக்கம் மீண்டது. அப்படியாயின் அழிப்பானேன்? மெல்லிய மின்வாயை அங்கேயே நிலையாக வைத்துவிடலாமே!

இன்று அம்மின்வாயிலிருந்து தோலின் கீழே ஒரு கம்பி கழுத்து வழியாக இறங்கி, மார்பிற் பதித்த சிறு மின்கருவியைச் சேர்கின்றது. துடிப்பின் அளவை வெளியிலிருந்தே கூட்டவும் குறைக்கவும் இயலும். மூளைக்குத் தன்னளவில் வலியுணர்வு இல்லையாதலால், பலருக்கு விழித்திருக்கும்போதே இச்சிகிச்சை நடைபெறும். நோயாளி கையை உயர்த்திக் காட்டுவார். நடுக்கம் அடங்குவதை அவரும் காண்பார்.

இது நோயை வேரறுப்பதன்று. அதன் முதிர்ச்சியைத் தடுப்பதுமன்று. இரத்தக்கசிவு, கிருமித்தொற்று, பேச்சுக் குழறல் முதலிய இடர்களும் உண்டு. அவற்றையெல்லாம் முன்னரே எடுத்துரைத்து, நோயாளியின் இசைவைப் பெறுதல் வைத்தியரின் கடன்.

சின்சினாட்டியிலும் கிரெனோபிளிலும் மனித மூளையிற் பாய்ந்தது மின்சாரமே. முன்னதில் ஒரு பெண் சோதனைப் பொருளானாள். பின்னதில் நோயாளியின் துயர் தீர்ப்பதே நோக்கமாயிற்று. அவ்வேறுபாட்டை மறவாதவரையிலேதான் இவ்வாற்றல் மருந்தாகும்.