மீன் உயிரோடு கரை சேர

கேரளத்தில் வேம்பநாட்டு ஏரி இருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் அதில் கலக்கின்றன. அந்த ஏரியில் கரிமீன் கிடைக்கிறது. 2010-ஆம் ஆண்டில் கேரள அரசு கரிமீனை மாநில மீனாக அறிவித்தது.

காலை நேரம். ஏரிக்கரையில் ஒரு பெண் மீன் விற்கிறார். அவர் முன்னால் இரண்டு பாத்திரங்கள் இருக்கின்றன. இரண்டிலும் கரிமீன்தான். ஒன்றில் மீன்கள் துள்ளுகின்றன. மற்றொன்றில் அசைவே இல்லை.

“சேச்சி, துள்ளுகிற மீனையே கொடுங்கள்” என்கிறார்கள் வாங்க வருபவர்கள். அதற்குக் கூடுதல் விலையும் தருகிறார்கள். செத்த மீனுக்குப் பேரம் பேசுகிறார்கள். வெயில் ஏற ஏற அதன் விலை இறங்குகிறது.

இரண்டும் ஒரே வலையில் விழுந்த மீன்கள். ஒரே படகில் வந்தவை. செத்த மீன்கள் படகின் அடியில் கிடந்தன. உயிரோடு இருப்பவை தண்ணீர்த் தொட்டியில் வந்தன. அந்தத் தொட்டியை வீட்டிலேயே செய்யலாம்.

மீன் ஏன் சாகிறது?

மீனும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள் வழியாக எடுக்கிறது. ஆனால் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 7 அல்லது 8 மில்லிகிராம்தான் உண்டு. தண்ணீர் சூடானால் அதுவும் குறையும்.

ஒரு வாளியில் நிறைய மீன் போட்டால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் பிராணவாயு தீர்ந்துவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு செத்துவிடும். தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. தண்ணீரில் காற்றும் கலந்திருக்க வேண்டும்.

வங்காளத்தில் மீன்குஞ்சு வியாபாரிகள் இதை நன்றாக அறிந்தவர்கள். அலுமினியப் பானையில் குஞ்சுகளைக் கொண்டுபோவார்கள். வழியெல்லாம் தண்ணீரைக் கையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் தளும்பும்போது காற்று அதில் கலக்கும். குஞ்சுகள் பிழைக்கும்.

தொட்டி செய்வது எப்படி?

வாய் அகலமான 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று வேண்டும். வட்டமான டிரம் நல்லது. அதில் மீன் மூலையில் முட்டிக் காயப்படாது. பூச்சிமருந்து, எண்ணெய், ரசாயனம் இருந்த டிரம் கூடாது. எவ்வளவு கழுவினாலும் அதை நம்ப முடியாது.

டிரம்மின் வாயை மூடும் அளவுக்குப் பழைய வலைத் துண்டு வேண்டும். அதைக் கயிற்றால் கட்டினால் மீன் வெளியே குதிக்காது. காற்றும் உள்ளே போகும். வலைக்கு மேல் நனைந்த சாக்கைப் பாதியளவு போட வேண்டும். தண்ணீர் சூடாகாமல் இருக்கும்.

டிரம்மைப் படகின் நடுவில் வைத்து, உருளாமல் கட்ட வேண்டும். 40 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும். மீன் பிடித்த இடத்துத் தண்ணீரையே எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம். அது மீனைக் கொல்லும்.

முதலில் 2 கிலோ மீன் மட்டும் விட்டுப் பார்க்கலாம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை இறைக்க வேண்டும். புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். விழும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

படகில் 12 வோல்ட் பாட்டரி இருந்தால் சிறு பம்பு வைக்கலாம். பம்பு ஏரி நீரை டிரம்மில் தெளிக்கும். மிஞ்சும் நீர் வெளியேற டிரம்மில் ஓர் ஓட்டை போட வேண்டும். அந்த ஓட்டை படகின் விளிம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நீர் வரும் குழாயைவிடப் போகும் குழாய் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் படகுக்குள் நிறையும்.

கவனிக்க வேண்டியவை

மீனை ஈரக் கையால் தொட வேண்டும். காய்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்புப் போய்விடும். செத்த மீனை உடனே எடுத்துவிட வேண்டும். கரை நெருங்கும்போது தண்ணீர் மாற்றக் கூடாது. படகுத் துறையில் டீசலும் சாக்கடையும் கலந்திருக்கும். வழியெல்லாம் பிழைத்த மீன் அங்கே செத்துவிடும்.

விரால், பனையேறிக் கெண்டை போன்ற மீன்கள் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அவற்றுக்கு டிரம்மின் மேல்பகுதி காலியாக இருக்க வேண்டும். மூச்சு விட வழியில்லாமல் மூடினால் அவையும் சாகும்.

உயிர் முக்கியம்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 40 லிட்டர் என்றால் 40 கிலோ. படகில் இன்னொருவர் ஏறியது போன்ற பாரம் அது. தளும்பும் தண்ணீர் படகையும் ஆட்டும். அதனால் மற்ற சுமையைக் குறைக்க வேண்டும். தண்ணீர் எடுப்பதற்காகப் படகின் அடியில் ஓட்டை போடவே கூடாது. காற்று பலமாக வீசினால் மீனோடு தண்ணீரை ஏரியில் கொட்டிவிட வேண்டும். மீனை நாளையும் பிடிக்கலாம். போன உயிர் திரும்பாது.

தொட்டியால் இன்னொரு நன்மையும் உண்டு. தவறி வந்த சிறு மீன்கள் சாகாமல் இருக்கும். அவற்றை உடனே ஏரியிலேயே விட்டுவிடலாம். அவை வளரும், முட்டையிடும். அடுத்த ஆண்டும் வலை நிறையும்.

யோசித்துப் பாருங்கள்

உங்கள் ஊரில் உயிர் மீனுக்கு என்ன விலை? செத்த மீனுக்கு என்ன விலை? ஒரு வாரம் இரண்டையும் எழுதி வையுங்கள். டிரம் வாங்கிய செலவு எத்தனை நாளில் திரும்பும் என்று கணக்குப் போடுங்கள்.