யானையைக் கட்டித் தீனி போட்ட கதை

'யானையைக் கட்டித் தீனி போடுவதா?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அதன் பொருள் எனக்கு விளங்கியது 2019இல், ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்த பிறகுதான்.

டிஎன்ஏவை வரிசைப்படுத்தும் பொறி ஒன்றை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று ஓர் அறிக்கை தயாரிக்கும்படி பேராசிரியர் என்னைப் பணித்தார். கையில் இருந்ததோ சிறிய மானியம். அதை நம்பி இறுதியாண்டு மாணவர் ஒருவர் காத்திருந்தார். தேக்கா சந்தையில் வாங்கிய 40 மீன் துண்டுகள் எந்தெந்த இனம் என்று அவர் கண்டறிய வேண்டும். தோலை உரித்துத் துண்டு போட்டுவிட்டால் எல்லா மீனும் ஒன்றுபோலத்தானே தெரிகின்றன!

மீனின் இனத்தை அறிய அதன் டிஎன்ஏ முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒரு மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்தால் போதும். எழுத்து என்று நான் சொல்வது ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு காரங்களை. இந்த 650 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பொறிகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் 1977இல் வெளியான சாங்கர் முறை. ஒரு குழாயில் ஒரு மாதிரி. ஒரே வீச்சில் 700 எழுத்துகளுக்கு மேல் படிக்கலாம். 1990 முதல் 2003 வரை நடந்த மனித மரபணுத் திட்டம் பெரும்பாலும் இம்முறையில்தான் முடிந்தது. பழைய முறைதான். ஆனால், வெளி நிறுவனங்களுக்கு அனுப்பினால் மாதிரிக்குச் சில வெள்ளிதான் ஆகும். ஒன்று அனுப்பினால் ஒன்றுக்கு மட்டுமே காசு.

அடுத்தது இல்லுமினாவின் மைசெக். 2011இல் அறிமுகமானபோது அதன் விலை 125,000 அமெரிக்க டாலர். ஒரே ஓட்டத்தில் சுமார் 2.5 கோடி துண்டுகளைப் படிக்கும். ஆனால் ஒவ்வொரு துண்டையும் இரு முனைகளிலிருந்தும் 300 எழுத்துகள்தான் படிக்கும். இரண்டும் சேர்ந்தால் 600. நம் 650இல் நடுவே ஒரு பள்ளம் விழுந்துவிடும்! குறுகிய பகுதியை மட்டும் படித்துச் சமாளிக்கலாம் என்றாலும், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வேண்டிய வேதிப்பொருள் பெட்டி ஆயிரம் டாலரைத் தாண்டும். 40 மாதிரி வைத்தாலும் 400 வைத்தாலும் அதே பெட்டிதான். பராமரிப்பு ஒப்பந்தம் வேறு, ஆண்டுதோறும்.

மூன்றாவதுதான் என்னை மயக்கியது. ஆக்ஸ்ஃபர்டு நானோபோரின் மினையான், சட்டைப்பையில் அடங்கும் பொறி. அப்போது தொடக்கத் தொகுப்பு 1,000 டாலராக இருந்தது. நுண்துளைகள் வழியே டிஎன்ஏ இழை நுழையும்போது மின்னோட்டம் மாறும். அந்த மாற்றமே எழுத்தாகிறது. நீளத்துக்கு வரம்பில்லை, 650 அதற்குத் தூசு. அக்காலத்தில் தனி வாசிப்பில் பிழைகள் மிகுதி. ஒரே மாதிரியைப் பலமுறை படித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பொறியைக் கொண்டு குறைந்த செலவில் பூச்சியினங்களை அடையாளம் காணும் முறையை 2018இல் வெளியிட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் என் பரிந்துரையை எழுதிவிட்டேன்.

தீனி எங்கே? துளைகள் பதித்த பாய்வுக்கலத்தில். அப்போது தனியாக வாங்கினால் ஒன்று 900 டாலராக இருந்தது. 400 மாதிரிகளை ஒன்றாக ஏற்றினால் மாதிரிக்கு 2.25 டாலர், 40ஐ மட்டும் ஏற்றினால் 22.50 டாலர். மாதிரிகள் சேரட்டும் என்று காத்திருந்தோம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதால் பல கலங்களையும் வாங்கி வைத்தேன். அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் 12 வாரந்தான் தாங்கும் என்பதைப் படித்திருந்தேன், கணக்கில்தான் சேர்க்கவில்லை. தேர்வு வந்தது, விடுமுறை வந்தது. பின்னர்ச் சோதித்துப் பார்த்தால் இரண்டு கலங்களில் பாதித் துளைகள்கூட உயிரோடு இல்லை.

"அண்ணா, மூன்று வாரத்தில் நான் ஆய்வேட்டை ஒப்படைக்கணும்," என்றார் அந்த மாணவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அன்றே 40 மாதிரிகளையும் சாங்கர் முறைக்கு வெளியே அனுப்பினோம். அந்த வாரத்திற்குள் முடிவுகள் வந்துவிட்டன. நான் வீணாக்கிய ஒரு கலத்தின் விலைகூட ஆகவில்லை. பேராசிரியர் என் அறிக்கையைத் திருப்பித் தந்து, முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'மாதம் எத்தனை மாதிரி வரும்?'

மினையானை நாங்கள் விற்றுவிடவில்லை. முந்நூறு மாதிரிகள் சேர்ந்த பிறகே கலத்துக்குச் சொல்லி அனுப்புவது என்று குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினோம்.