உவர்நீர்ப் பகுதிகளில் காய்கறி இளநாற்றுக்களை நிழற்குடிலுக்கு மாற்றுதல்

ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசங்களில் வசந்த காலத்திலும் இரவில் உறைபனி விழுவதுண்டு. ஆகையால் அந்நாட்டுக் குடியானவர்கள் தக்காளி, மிளகாய் முதலிய மென்மையான செடிகளின் நாற்றுக்களைக் கண்ணாடி வீடுகளுக்குள் மாற்றி வைத்து, குளிர் தணிந்த பின்னரே வயலில் நடுகின்றனர். பாலாற்றுப் படுகையிலுள்ள வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கு நாற்றின் சத்துரு கோடை வெயில். மே மாதத்தில் உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். இத்துடன் கிணற்று நீரின் உவர்ப்பும் சேருமிடங்களில் நாற்றங்கால் முழுவதும் கருகிப்போவதுண்டு. ஆனி நடவுக்காகச் சித்திரை, வைகாசி மாதங்களில் கத்தரி விதைப்போர் இதைக் கவனித்தல் அவசியம்.

உவர்ப்பின் காரணம்

பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன்மீது சோற்றுப்பு தடவப்படுகிறது. தோல் ஷாப்புகளில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பில் பெரும்பகுதி நீரில் கலக்கிறது. அக்கழிவுநீர் நெடுங்காலம் ஏரிகளிலும் வயல்களிலும் பாலாற்றிலும் விடப்பட்டதால் நிலத்தடி நீர் கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி தீர்ப்பளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆயினும் சாதாரணச் சுத்திகரிப்பினால் கரைந்த உப்பு நீங்குவதில்லை. சவ்வூடு வடிகட்டும் முறையே அதைப் பிரிக்கும். நிலத்தில் முன்னரே இறங்கிவிட்ட உப்பும் எளிதில் அகல்வதன்று.

நாற்றுக்கு வேண்டிய நல்ல நீர்

உவர்ப்பைப் பொறுக்கும் சக்தி பயிருக்குப் பயிர் வேறுபடும். பாசன நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசைமனைத் தாண்டினால் மிளகாயின் மகசூல் குறையத் தொடங்கும். தக்காளிக்கு இவ்வெல்லை ஏறக்குறைய 1.7 ஆகும். முளைக்கும் பருவத்திலும் இளநாற்றுப் பருவத்திலும் செடிக்கு இச்சக்தி மேலும் குறைவு. ஆகையால் கிடைக்கும் நல்ல நீரை முதலில் நாற்றுக்கே ஒதுக்கவேண்டும்.

அவ்வாறு ஒதுக்குவது பெரும் சிரமமன்று என்பதைக் கணக்கினால் அறியலாம். வரிசைக்கு வரிசை 90 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 60 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டுக் கத்தரி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 7,500 நாற்றுக்கள் வேண்டும். சேதத்துக்கும் சேர்த்து 98 குழிகள் கொண்ட தட்டுகள் 85 போதும். இவை அடைக்கும் இடம் ஒரு சென்டில் மூன்றில் ஒரு பங்கேயாம். தட்டுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 30 நாட்களுக்கு 5,100 லிட்டரே ஆகிறது. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் கட்டினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் செலவாகும். பத்துச் சதுர மீட்டர் கூரையின்மீது 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6,000 லிட்டர் விழும். சிதறுவது போக எஞ்சியதை மூடிய தொட்டியில் சேமித்துவைத்தால், கிணறு உவர்த்த ஊரிலும் ஓர் ஏக்கர் நாற்றின் தேவை பெரும்பாலும் நிறைவேறும்.

குடில் அமைப்பு

கண்ணாடி வீட்டைப்போல் நாற்புறமும் பிளாஸ்டிக் தாளால் மூடிய குடில் சமவெளிக் கோடைக்கு உகந்ததன்று. உள்ளே உஷ்ணம் தங்கி நாற்று வெந்துவிடும். சவுக்குக் கம்பம் அல்லது மூங்கில் நட்டு, ஆள் நிமிர்ந்து நடமாடும் உயரத்தில், வெயிலைப் பாதியாகக் குறைக்கும் நிழல்வலையை மேலே கட்டுவதே சிறந்தது. தக்காளியில் இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ புகாமலிருக்கப் பக்கங்களில் நெருக்கமான நைலான் வலை கட்டவேண்டும். ஏலகிரி போன்ற மலைகளில் மார்கழி, தை மாதங்களில் நாற்றுவிடுவோர் மட்டும் இரவில் தட்டுகளின்மேல் தாள் மூடி, காலையில் எடுத்துவிடலாம்.

மாற்றும் முறை

தட்டுகளில் தென்னை நார்க்கழிவை நிரப்புவது வழக்கம். இதிலும் உப்பு இருக்கக்கூடும். ஆகையால் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசியபின் உபயோகித்தல் நலம். விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, குழிக்கு ஒரு விதை ஊன்றவேண்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தாளால் மூடிவைத்தால் சில நாட்களில் முளை தோன்றும். முளை கண்டவுடன் தாமதமின்றித் தட்டுகளைப் பிரித்துக் குடிலுக்குள் மாற்றவேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளுத்து நீண்டு, நாற்று சாய்ந்துவிடும். மாற்றுவதற்கு மாலை வேளையே ஏற்றது.

குடிலில் பூவாளியால் அடிக்குழி வழியே சிறிது நீர் வடியுமளவு தெளிக்கவேண்டும். அரைகுறையாகத் தெளித்தால் நீர் ஆவியாகி, உப்பு குழியிலேயே தங்கி, மேலே வெண்மையாகப் பூக்கும். ஓயாமல் ஈரமாக வைத்தாலோ நாற்றழுகல் நோய் உண்டாகும். மேற்பரப்பு சிறிது உலர்ந்தபின் மறுமுறை தெளிப்பதே முறை.

நடவுக்கு முன்

தக்காளி நாற்று 25 நாட்களிலும், கத்தரி 30 முதல் 35 நாட்களிலும், மிளகாய் ஏறக்குறைய 40 நாட்களிலும் நடவுக்குத் தயாராகும். கடைசி வாரத்தில் தட்டுகளை முதலில் காலை வெயிலிலும், பின்னர் நாள் முழுவதும் வெளியே வைத்து, நீரையும் சிறிது குறைத்து நாற்றைக் கடினப்படுத்தவேண்டும். நிழலிலிருந்து நேரே வயலுக்குச் சென்ற நாற்று முதல் நாளே வாடும்.

அவ்வாரத்திலேயே பத்துப் பன்னிரண்டு நாற்றுக்களை வயல் மண் நிரப்பிய சட்டிகளில் நட்டு, கிணற்று நீரையே ஊற்றிப் பார்ப்பது உசிதம். இலை நுனி கருகினால் அவ்வயல் அப்பயிருக்கு ஏற்றதன்று என அறியலாம். குடில் நாற்றைக் காக்குமேயன்றி, வயலின் உவர்ப்பை மாற்றாது. ஆகையால் விதை வாங்குவதற்கு முன்பே கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்திலோ, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டி ஆலோசனை பெறுவது சிக்கனம். நீர் மிகவும் உவர்த்திருந்தால் காய்கறியை விடுத்து, உவர்ப்பைப் பொறுக்கும் பருத்தி முதலிய பயிர்களை நாடுவதே நஷ்டத்தைத் தவிர்க்கும் வழி.

அணைக்கட்டுப் பகுதியைச் சேர்ந்த இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய உள்ளூர் ரகங்கள் நிலைத்திருக்க வேண்டுமாயின் குடியானவர்கள் ஆண்டுதோறும் நல்ல விதையும் நோயற்ற நாற்றும் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்றிலொரு சென்டு நிழலும், ஒரு தொட்டி மழைநீரும் போதுமானவை.